அயர்லாந்திலும் அழுகுணி ஆட்டம்!



விளையாட்டில் யாராவது ஏமாற்றினால் "எல்லாம் காசு பண்ற வேலைப்பா" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சரி, சம்பளமே இல்லாத ஆட்டத்தில் ஏமாற்று இருக்குமா? அயர்லாந்து நாட்டின் கேலிக் கால்பந்தைப் பார்த்தால் இருக்கிறது என்றுதான் தெரிகிறது. ஏன் இருக்கிறது, அதை எப்படிக் கட்டுப்படுத்தப் பார்க்கிறார்கள் என்பதை இங்கே பார்ப்போம்.

ஆட்டம் எப்படி?

அணிக்கு 15 பேர். கவுண்டி அணிகளின் ஆட்டம் 70 நிமிடம். பந்தைக் காலால் உதைக்கலாம், கையாலும் தட்டிக் கொடுக்கலாம். கையில் வைத்துக்கொண்டு நாலு அடிக்கு மேல் ஓட முடியாது. தரையில் தட்ட வேண்டும், இல்லையென்றால் கால் நுனியில் தட்டிப் பிடிக்க வேண்டும். கோல் கம்பம் ஆங்கில 'எச்' எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், 3 புள்ளி. மேலே போனால் 1 புள்ளி. (2025 முதல் 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் 2 புள்ளி.)

தோளோடு தோள் மோதுவது இதில் குற்றமில்லை. சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எது நியாயமான இடி, எது முரட்டு இடி என்பதை ஓடிக்கொண்டே முடிவு செய்ய வேண்டியவர் ஒரே ஒரு நடுவர்.

ஊர்ப் பெயர்தான் சம்பளம்

1884-இல் தொடங்கிய கேலிக் தடகளச் சங்கம்தான் இந்த ஆட்டத்தை நடத்துகிறது. வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை டப்ளின் குரோக் பார்க்கில் 82,000 பேர் முன்னால் ஆடியவர் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பார், அல்லது வயரிங் வேலைக்குப் போவார். கவுண்டி என்பது நம்ம மாவட்டம் மாதிரி. பெரும்பாலும் சொந்தக் கவுண்டிக்குத்தான் ஆட முடியும். காசு கொடுத்து ஆளை வாங்க முடியாது.

அப்போ தோற்றால் என்ன போச்சு? மானம் போச்சு! அடுத்த கவுண்டிக்காரர்தான் உடன் வேலை செய்பவர், சில வீட்டில் மைத்துனரும் அவர்தான். 1991-இல் டப்ளினும் மீத்தும் முதல் சுற்றிலேயே மோதி, மூன்று முறை சமமாகி, நான்காவது ஆட்டத்தில் மீத் ஒரே புள்ளியில் வென்றது. அந்த நாலு ஆட்டத்துக்கும் சேர்த்து வந்த கூட்டம் 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். நான் எது செய்தாலும் ஊர் பேசுவது என் பெயரை அல்ல, "இன்னார் வீட்டுப் பையன்" என்றுதான். அதனால் அந்த வீரர்களின் பாரம் எனக்குக் கொஞ்சம் புரிகிறது. ஊருக்காக என்று வந்துவிட்டால், தனக்காகச் செய்யக் கூசுகிற காரியத்தையும் மனுஷன் செய்துவிடுகிறான்.

தலையைக் கோதினால் விழுவதா?

2015 கால் இறுதி. டைரோனும் மொனஹனும் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டிகள். மொனஹனின் டேரன் ஹியூஸ், டைரோன் வீரர் டியர்னன் மெக்கானின் தலைமுடியைக் கையால் கலைத்தார். அவ்வளவுதான். மெக்கான் முகத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தார். ஹியூஸ் வெளியேற்றப்பட்டார். டி.வி.யில் பார்த்த நாடே கொதித்தது. மெக்கானுக்கு 8 வாரத் தடை போடச் சங்கம் முன்மொழிந்தது. விசாரணைக் குழு அதை ஏற்கவில்லை.

மூணுக்கு ஒண்ணு: லாபக் கணக்கு

இன்னொரு வகை, தெரிந்தே செய்யும் ஃபவுல். 2013 கால் இறுதியிலும் இதே இரண்டு கவுண்டிகள்தான். மொனஹனின் கானர் மெக்மானஸ் கோலை நோக்கித் தனியாக ஓடினார். டைரோனின் ஷான் கேவனா அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக் கீழே தள்ளினார். கணக்குப் போடுங்கள்: கோல் விழுந்தால் 3 புள்ளி நஷ்டம். ஃப்ரீ கிக் கொடுத்தால் 1 புள்ளி நஷ்டம். அன்றைய விதிப்படி தண்டனை மஞ்சள் அட்டை மட்டும். ஆக 2 புள்ளி லாபம்! அன்று டைரோன் ஜெயித்த வித்தியாசமும் 14-க்கு 12, அதே 2 புள்ளிதான்.

விலையை ஏற்றினார்கள்

இந்த லாபத்தை உடைக்க 2014-இல் கறுப்பு அட்டை வந்தது. வேண்டுமென்றே இழுத்துத் தள்ளினால் ஆள் வெளியே. ஆனால் மாற்று ஆள் இறங்கலாம். அதிலும் ஓட்டை இருந்தது. 2017 இறுதி ஆட்டத்தில் டப்ளின் மேயோவை ஒரே புள்ளியில் வென்றது. வெற்றிப் புள்ளிக்காக டப்ளினின் டீன் ராக் உதைக்கும்போது, மேயோவின் லீ கீகன் தன் ஜி.பி.எஸ். கருவியைக் கழற்றி அவரை நோக்கி எறிந்தார். அடுத்து மேயோ கோல்கீப்பர் பந்தை யாருக்கும் அனுப்ப முடியாதபடி டப்ளின் வீரர்கள் எதிராளிகளைப் பிடித்து இழுத்தார்கள். கீரன் கில்கென்னிக்குக் கறுப்பு அட்டை கிடைத்தது. ஆட்டமே முடியப்போகும்போது அட்டைக்கு என்ன மதிப்பு?

2020 முதல் கறுப்பு அட்டை என்றால் 10 நிமிடம் வெளியே, அணி 14 பேரோடு ஆட வேண்டும். 2025-இல் இன்னொரு விதி வந்தது: ஃப்ரீ கிக் கிடைத்த அணியிடம் பந்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தால், உதைக்கும் இடம் 50 மீட்டர் முன்னால் போகும். புத்திமதியைவிட இந்த மாதிரி விலைதான் சீக்கிரம் வேலை செய்யும்.

விதிக்கு எட்டாதது

ஆனால் பொய்யாக விழுவதற்கு இந்த வைத்தியம் முழுதாகப் பலிக்காது. பந்து கம்பத்துக்குள் போனதா என்று பார்க்க குரோக் பார்க்கில் 2013 முதல் ஹாக்-ஐ கேமரா இருக்கிறது. விழுந்தவனுக்கு வலிக்கிறதா என்று பார்க்க எந்தக் கேமரா இருக்கிறது? இழுத்துத் தள்ளுகிறவன் எல்லார் கண் முன்னாலும் செய்து தண்டனையை வாங்கிக்கொள்கிறான். பொய்யாக விழுகிறவனோ தன் தண்டனையை அடுத்தவன் தலையில் கட்டிவிடுகிறான். அவனால் நாளைக்கு நிஜமாகவே அடிபட்டுக் கிடப்பவனையும் நடுவர் நம்ப மாட்டார். புலி வருது கதைதான்.

இதைத் தடுக்க முடிந்தவர்கள் சொந்த ஊர்க்காரர்கள் மட்டுமே. நம்ம ஆள் செய்தால் சாமர்த்தியம், எதிராளி செய்தால் அயோக்கியத்தனம் என்று கை தட்டும் வரை இது நிற்காது. ஆகவே நண்பர்களே, அடுத்த மேட்ச்சில் நம்ம டிபார்ட்மென்ட் ஆள் பொய்யாக விழுந்தால், "எழுந்திருடா" என்று முதலில் கத்த வேண்டியது நாம்தான்!