அடுத்த லென்ஸ் எது? பதில் உங்கள் பழைய படங்களிலேயே இருக்கிறது

கேமரா வாங்கி ஒரு வருஷம் ஆகியிருக்கும். கூடவே வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ் வெயிலில் நன்றாகத்தான் எடுக்கிறது. ஆனால் அக்கா குழந்தையின் பிறந்தநாளில், கேக் வெட்ட லைட்டை அணைத்ததும் எடுத்த படமெல்லாம் கலங்கல். "லென்ஸ் மாத்தணும் போல" என்று அன்று ராத்திரியே ஷாப்பிங் ஆப்பைத் திறக்கிறீர்கள். 10 ஆயிரத்தில் ஒன்று, 40 ஆயிரத்தில் ஒன்று, லட்சத்துக்கு மேல் ஒன்று. எல்லாவற்றுக்கும் நாலரை ஸ்டார்!

அப்படி ஒரு ராத்திரியில் தப்பாக முடிவெடுத்தவன் நான். போனஸ் காசில் 70-300 ஜூம் ஒன்றை வாங்கினேன். பறவையெல்லாம் பக்கத்தில் வந்துவிடும் என்று நினைப்பு. வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தேன் (டேட்டா வேலை பார்ப்பவனின் கெட்ட பழக்கம்). அதில் எடுத்த படங்கள் 100கூட தேறவில்லை. அதிலும் பாதி, மொட்டை மாடிக் காக்கை.

வாங்கிய பிறகு எண்ணியதை, வாங்கும் முன்பே எண்ணியிருக்கலாம்.

முதலில் உங்கள் டேட்டாவைப் பாருங்கள்

நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் ஃபைலுக்குள்ளும் 'எக்ஸிஃப்' என்ற குறிப்பு பதிவாகிறது. எத்தனை மி.மீ.யில் எடுத்தீர்கள், ஷட்டர் வேகம் என்ன, ஐஎஸ்ஓ என்ன, எல்லாம் அதில் இருக்கும். லைட்ரூம் வைத்திருந்தால் மி.மீ. வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். இல்லையென்றால் 'எக்ஸிஃப்டூல்' என்ற இலவச மென்பொருள் மொத்த ஃபோல்டரையும் ஒரு சிஎஸ்வி ஃபைலாகக் கொடுத்துவிடும். எக்செல் தெரிந்தவருக்கு மிச்சம் பத்து நிமிஷ வேலை.

பெரும்பாலான படங்கள் 18லேயே நிற்கின்றனவா? உங்களுக்கு இன்னும் அகலமான லென்ஸ் தேவைப்படலாம். 55லேயே முட்டி நிற்கின்றனவா? அப்போதுதான் டெலி பற்றி யோசிக்க வேண்டும். மி.மீ. எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கிறது, ஆனால் ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/15 என்று இருக்கிறதா? உங்கள் பிரச்சினை தூரம் இல்லை, வெளிச்சம். என் கதை அதுதான்.

எஃப் எண்: காசு எதுவரை உழைக்கிறது?

லென்ஸ் மேல் 1.8, 5.6 என்று எழுதியிருப்பது அதன் திறப்பின் அளவு. எண் சின்னதாக ஆக, திறப்பு பெரிசு. கவனிக்க வேண்டியது, வெளிச்சம் அந்த எண்ணின் வர்க்கத்தில் மாறும் என்பதை. கிட் லென்ஸ் 55 மி.மீ.யில் 5.6 வரைதான் திறக்கும். 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 1/15 விநாடியில் கலங்கிய அதே கேக் படத்தை 1/125ல் எடுக்கலாம்.

"என் கிட் லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கே?" இருக்கலாம். அது உங்கள் கை நடுக்கத்தைச் சரிசெய்யும். ஓடுகிற குழந்தையை நிறுத்தாது.

இப்போது அடுத்த படி. 1.8க்குப் பதிலாக 1.4 வாங்கினால் கிடைக்கும் கூடுதல் வெளிச்சம் 1.65 மடங்கு. 1.2 வாங்கினால் 2.25 மடங்கு. கேனனின் பழைய 50 மி.மீ. வரிசையில் 1.2 லென்ஸின் விலை, 1.8 லென்ஸைப் போல சுமார் பத்து மடங்கு. எடையும் அரை கிலோவுக்கு மேல், 1.8 வெறும் 160 கிராம். 5.6, 8 என்று திறப்பைக் குறைத்து எடுத்தால் இரண்டு படங்களுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். கல்யாண ஃபோட்டோகிராஃபருக்கு 1.2 தேவைப்படலாம், அது அவருடைய பிழைப்பு. நமக்கு முதல் 10 மடங்கு போதும்.

10 அடி அறைக் கணக்கு

அப்படியென்றால் எல்லோரும் சொல்கிற 50 மி.மீ. 1.8ஐயே வாங்கிவிடலாமா? அவசரம் வேண்டாம். நம்மில் பலரிடம் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சார் கேமரா. 10 அடி தள்ளி நின்று எடுத்தால், அதில் 50 மி.மீ. காட்டும் அகலம் சுமார் 4.5 அடி. இரண்டு பேர் நெருங்கி உட்காரலாம், அவ்வளவுதான். 35 மி.மீ. என்றால் ஆறரை அடி, 24 என்றால் 9 அடிக்கு மேல். பெங்களூரு, மும்பை வாடகை வீட்டு ஹாலில் பின்னால் நகர நகர முதுகு சுவரில் இடிக்கும். முகங்களை மட்டும் எடுப்பேன் என்றால் 50 அருமை. வீடு, ஹோட்டல், குழந்தை, நண்பர்கள் என்றால் 35 அல்லது 24 தான் அதிகம் வெளியே வரும்.

நம்பிக்கை இல்லையா? கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35ல் வைத்து செலோடேப் ஒட்டி ஒரு வாரம் சுற்றுங்கள். அடுத்த வாரம் 50ல். செலவு, டேப் மட்டும்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. லென்ஸ், கேமரா பாடி அளவுக்கு வேகமாக மதிப்பு இழப்பதில்லை. அதனால் விலையைப் பார்க்காதீர்கள், வாங்கிய விலையிலிருந்து விற்கும் விலையைக் கழித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 12 ஆயிரத்துக்கு வாங்கி மூன்று வருஷம் கழித்து 7 ஆயிரத்துக்கு விற்றால் செலவு 5 ஆயிரம். 3,000 படம் எடுத்திருந்தால் படத்துக்கு 1 ரூபாய் 67 காசு. 30 ஆயிரத்துக்கு வாங்கி 18 ஆயிரத்துக்கு விற்ற லென்ஸில் 300 படம்தான் எடுத்தீர்கள் என்றால் படத்துக்கு 40 ரூபாய். என் காக்கை இந்த ரகம்.

டெல்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி மார்க்கெட் போகிறீர்களோ, உங்கள் ஊர்க் கடையோ, ஆன்லைனோ, லென்ஸைக் கையில் வாங்கியதும் மொபைல் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் சகஜம். சுத்தம் செய்தாலும் தடம் போகாமல் இருக்கலாம். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். புதுசு என்றால் ஜிஎஸ்டி பில்லும் இந்திய வாரண்டி கார்டும் கேளுங்கள். "பில் இல்லாம ரெண்டாயிரம் கம்மி" என்றால் அந்த இரண்டாயிரம் வாரண்டியின் விலை.

இன்னொரு குழி, மவுன்ட். நிக்கானின் டி3500, டி5600 போன்ற பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 'ஏஎஃப்-டி' லென்ஸ் வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கேனனின் பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் புதிய ஆர்எஃப் மிரர்லெஸ் கேமராவில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஆர்எஃப் லென்ஸைப் பழைய டிஎஸ்எல்ஆரில் மாட்ட வழியே இல்லை. இரண்டு வருஷத்தில் மிரர்லெஸ் போகும் எண்ணம் இருந்தால் இதை இப்போதே யோசித்துவிடுங்கள்.

என் 70-300ஐ விற்று 35 மி.மீ. 1.8 வாங்கினேன். பிறகு பரத்பூர் பறவைகள் சரணாலயம் போனபோது டெலி லென்ஸை மூன்று நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். வருஷத்தில் மூன்று நாள்தான் எனக்கு அது தேவைப்பட்டது.