கோடை இசைப்பயிற்சி: கடைசி நாள் கச்சேரியில் கைநடுக்கம் ஏன்? கொடைக்கானல் குளிரில் சுருதியும் இறங்கும்!

கொடைக்கானல்:

மே மாதம் பிறந்தாலே கொடைக்கானலில் கூட்டம்தான். பிரையண்ட் பூங்கா மலர் கண்காட்சி, ஏரியில் படகு சவாரி, கோடை விழா மேடையில் ஆட்டம் பாட்டம் என்று மலை நகரமே களைகட்டும். பள்ளி விடுமுறை என்பதால் கோடைகால இசைப்பயிற்சிக்கும் இதுதான் சீசன்.

இந்தப் பயிற்சிகளில் ஒரு வழக்கம் உண்டு. சில நாட்களோ, சில வாரங்களோ காலை முதல் மாலை வரை சாதகம். கடைசி நாளில் பெற்றோர் முன்னிலையில் கச்சேரி. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் குட்டி அரங்கேற்றம்.

எதற்கு இந்த கச்சேரி?

வீட்டில் வாசிக்கும்போது தப்பு வந்தால் நிறுத்திவிட்டு முதலில் இருந்து தொடங்கலாம். மேடையில் அது நடக்காது. பக்கத்தில் இருப்பவர் போய்க்கொண்டே இருப்பார். விட்ட இடத்தை விட்டுவிட்டு, அடுத்த வரியில் ஓடிப்போய் சேர்ந்துகொள்ள வேண்டும். இந்தப் பாடத்தை மேடைதான் சொல்லித்தரும்.

மேடை ஏறியதும் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், விரல் நடுங்கும். பயத்தில் உடம்பில் அட்ரினலின் சுரப்பதே காரணம். பெரிய வித்வான்களுக்கும் இது வரும். நன்றாக பழகிய, சுலபமான பாட்டை முதலில் வைத்தால் பாதி பயம் ஓடிப்போகும்.

குளிர் செய்யும் வேலை

கொடைக்கானல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. மதுரை, திண்டுக்கல் வெயிலில் சுருதி சேர்த்த வாத்தியத்தை மேலே கொண்டுவந்தால் அது தன் வேலையைக் காட்டிவிடும்.

குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகச் செல்லும். அதனால் புல்லாங்குழல் போன்ற ஊதும் வாத்தியங்களில் சுருதி இறங்கும். இரும்புக் கம்பி போட்ட வாத்தியத்திலோ குளிரில் கம்பி இறுகி சுருதி ஏறும். பனிமூட்டத்தில் ஈரம் குடித்து மிருதங்கத் தோல் தளர்ந்துபோகும். ஒன்று கீழே, ஒன்று மேலே என்றால் கச்சேரி என்னாவது?

எனவே வாத்தியங்களை முன்கூட்டியே அரங்குக்குள் வைத்து, அந்த இடத்துச் சூட்டுக்குப் பழக விட வேண்டும். குழலை மெதுவாக ஊதிச் சூடேற்ற வேண்டும். அதன்பிறகே எல்லோரும் சேர்ந்து சுருதி சேர்க்க வேண்டும்.

மாணவராக வந்தவர்

அமெரிக்காவின் டாங்கிள்வுட் என்ற இடத்தில் 1940-ம் ஆண்டு கோடை இசைப்பயிற்சி தொடங்கியது. அந்த முதல் ஆண்டு மாணவர்களில் ஒருவர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற இசை நடத்துனர் ஆனார். 50 ஆண்டுகள் கழித்து, 1990-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தன் வாழ்நாளின் கடைசி கச்சேரியை அதே டாங்கிள்வுட்டில்தான் நடத்தினார். அடுத்த 2 மாதத்தில் காலமானார்.

அவ்வளவு தூரம் போவானேன்? கொடைக்கானலுக்குப் பக்கத்து தேனி மாவட்டத்தில், மலையடிவாரத்து பண்ணைப்புரத்தில் பிறந்தவர்தான் இளையராஜா. சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். சாதிக்கப் பெரிய ஊரில் பிறக்க வேண்டியதில்லை.

ஏழைப் பிள்ளைகளுக்கு வழி

"இதெல்லாம் வசதியானவங்களுக்குத்தானே" என்று ஒதுங்க வேண்டாம். அரசு கலை பண்பாட்டுத்துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகள் பாட்டு, பரதம், ஓவியம் கற்கலாம். கோடைகால கலைப்பயிற்சி முகாம்களும் நடத்தப்படுகின்றன. தொடர்ந்து படிக்க விரும்பினால் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம் ஆகியவற்றுக்கு 3 ஆண்டு பயிற்சி உண்டு.

ஒரு விஷயம் மட்டும் மறக்கக்கூடாது. கடைசி நாள் கச்சேரிக்கு ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று அப்பாவோ அம்மாவோ போய் உட்கார வேண்டும். மேடையில் நிற்கும் பிள்ளை கூட்டத்தில் முதலில் தேடுவது அந்த முகத்தைத்தான்.