ஓய்வு பெற்றவர்களும் ஒழுகும் வீடுகளும்

ஒருவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் நாளில் அவருக்கு மாலை சூட்டுகிறோம், சால்வை போர்த்துகிறோம், அவருடைய சேவையைப் புகழ்ந்து நாலு பேர் பேசுகிறோம். மறுநாள் காலை முதல் அவருடைய முப்பது வருஷத்து அனுபவம் யாருக்கும் வேண்டாத பொருளாகிவிடுகிறது. பொதுமராமத்து இலாகாவில் ஓவர்சீயராக இருந்தவரும், மின்சார இலாகாவில் கம்பி இழுத்தவரும், தொழிற்சாலையில் குழாய் பொருத்தியவரும் பத்திரிகையும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு கிழவியின் வீடு ஒழுகுகிறது. ஒருவரிடம் வித்தை இருக்கிறது. மற்றவரிடம் தேவை இருக்கிறது. இடையில் இருப்பது நாலு வீட்டுத் தூரமே. அந்தத் தூரத்தை நாம் ஏன் கடக்கவில்லை?

ஒழுகல் அற்ப விஷயம் என்று சிலர் எண்ணலாம். அது தவறு. காங்கிரீட் தளத்தில் ஒரு மயிரிழை விரிசல் காண்கிறது. அதன் வழியே இறங்கும் மழை நீர் உள்ளேயுள்ள கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப் பிடிக்கிறது. துரு, இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பியை மூடியுள்ள காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. ஆரம்பத்தில் ஒரு கொத்தனாரின் ஓரிரண்டு நாள் வேலையோடு முடிந்திருக்க வேண்டிய காரியம், பத்து மழைக்காலம் சென்றபின் தளத்தையே இடித்துப் போடும் செலவாகிவிடுகிறது. 1985-ல் ஆரம்பித்த இந்திரா ஆவாஸ் திட்டம் போன்றவற்றின் கீழ்க் கட்டிய தொகுப்பு வீடுகளுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்த காட்சி. அங்கே இல்லாதது பணம் மட்டுமன்று. விரிசலை முதல் வருஷத்திலேயே கண்டு, இது பூச்சில் உள்ளதா, தளத்தில் உள்ளதா என்று சொல்லக்கூடிய ஒரு கண் அங்கே இல்லை. அந்தக் கண்தான் நாலு வீடு தள்ளித் திண்ணையில் இருக்கிறது.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. செல்வத்தில் சிறந்த ஐக்கிய அமெரிக்காவிலும் முதியோர் பலர் சொந்த வீடு இருந்தும் அதைப் பழுதுபார்க்க வகையற்றிருக்கிறார்கள். 1973-ல் டெக்ஸாஸ் ராஜ்யத்து மிட்லாண்ட் நகரில், தொழில் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒன்றுகூடி, வருஷத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, முதியவர்களும் ஏழைகளுமான அண்டைவீட்டார்களின் வீடுகளைச் செப்பனிடத் தொடங்கினார்கள். நாளடைவில் அந்த ஏற்பாடு தேசமெங்கும் பரவி ஒரு பெரிய ஸ்தாபனமாயிற்று. அதன் மூலதனம் என்ன? பக்கத்துத் தெருவில் தச்சன் இருக்கிறான், கூரை ஒழுகுகிறது என்ற இரண்டு செய்திகளை யாரோ ஒருவர் சேர்த்துப் பார்த்ததுதான்.

அந்நாட்டின் ஜனாதிபதியாயிருந்த ஜிம்மி கார்ட்டரின் வரலாறும் இங்கே கருதத்தக்கது. 1980-ம் வருஷத்துத் தேர்தலில் தோற்று, 1981 ஜனவரியில் பதவி நீங்கியபோது அவருக்கு வயது 56. உடன் உழைத்தவர்கள் அவருக்குப் பிரிவுபசாரப் பரிசாகத் தச்சுக் கருவிகளை அளித்தார்கள். அவை அலமாரியில் உறங்கவில்லை. 1976-ல் ஜார்ஜியா ராஜ்யத்தில் ஸ்தாபிக்கப்பட்ட ‘ஹேபிடேட் ஃபார் ஹ்யூமானிட்டி’ என்ற வீடு கட்டும் சங்கத்தில் அவர் தொண்டராகச் சேர்ந்தார். 1984-ல் நியூயார்க்கில் பாழடைந்து கிடந்த ஆறு மாடிக் கட்டடம் ஒன்றை 19 குடும்பங்கள் வாழும் வீடாக்குவதற்கு, தொண்டர்களோடு பஸ்ஸில் பயணஞ்செய்து போய் வேலை செய்தார். 2006-ல் நம் தேசத்து லோணாவ்ளாவுக்கு வந்தும் ஏழைகளுக்கு வீடு கட்டினார். 2019-ல், 95-ம் வயதில், வீட்டில் விழுந்து புருவத்தின்மேல் 14 தையல்கள் போட்ட நிலையிலும், நாஷ்வில் நகரத்து வேலைக்குக் கிளம்பிவிட்டார். 2024-ல் தமது நூறாவது வயதில் அவர் காலமானபோது, அவருடைய ஆட்சியைக் குறை கூறியவர்கள்கூட அவருடைய சுத்தியலைக் குறை கூறவில்லை.

‘நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பவர்கள் ‘குடிமராமத்து’ என்ற பழைய சொல்லை நினைத்துக்கொள்ள வேண்டும். ஏரியையும் வாய்க்காலையும் ஊராரே கூடிச் செப்பனிட்டுக் கொண்ட ஏற்பாடு அது. 1858-ல் அந்நிய சர்க்கார் அதைக் கட்டாய வேலைச் சட்டத்துக்குள் அடக்கியது. முறையாக இருந்தது தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் கடமையாக மாறினால் அதில் உயிர் இருக்குமா? மராமத்து வேலைக்கு ஜீவநாடி, இது நம்முடையது என்ற எண்ணமே. ஏரிக்கு இருந்த அந்த எண்ணம் அண்டைவீட்டுக் கூரைக்கும் ஏன் இருக்கலாகாது?

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் எழக்கூடும். முதலாவது, தர்மத்துக்கு வேலை செய்தால் கூலிக்காரனின் பிழைப்புக் கெடாதா என்பது. ஓய்வு பெற்றவர் கொத்தனாரின் கரண்டியைப் பிடுங்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அவர் பழுதைக் கண்டறியட்டும். நியாயமான மதிப்புப் போட்டுக் கொடுக்கட்டும். வேலை நடக்கையில் கூட நிற்கட்டும். கூலிக்குரியது கூலிக்காரனுக்கே. இரண்டாவது, சர்க்கார் செய்ய வேண்டியதை நாம் செய்தால் சர்க்கார் தப்பித்துக்கொள்ளாதா என்பது. வக்கீல் தொழில் செய்பவன் என்ற முறையில் சொல்லுகிறோம்: உரிமையை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மனு மேஜைக்கு மேஜை நகரும் வரையில் மழை காத்திராது. மேலும், விஷயம் தெரிந்தவர் எழுதிய மதிப்பீடு இணைந்த மனுவுக்கு உள்ள பலம் வெறும் புலம்பலுக்கு இல்லை. மூன்றாவது, உதவி பெறுபவரின் மானம். மேலே சொன்ன வீடு கட்டும் சங்கத்தில், வீடு பெறும் குடும்பத்தாரும் வேலையில் கைகொடுக்க வேண்டுமென்பது விதி. நாமும் அவ்வாறே செய்யலாம். தண்ணீர் மொண்டு கொடுத்தவன்கூட, ‘இது நான் செய்த வேலை’ என்று தலைநிமிர்ந்து சொல்லலாமல்லவா?

இன்னொன்றும் உண்டு, அதுவே மிகக் கடினமானது. தேற முடியாத கட்டடத்தைப் பார்த்து, ‘இதில் குடியிருக்காதீர்கள்’ என்று சொல்ல நேரிடும். தாட்சண்யத்துக்காக, ‘இந்த மழையைத் தாங்கும்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், இரவில் சுவர் சரியும்போது அந்த வார்த்தையும் சேர்ந்து சரிகிறது. உண்மையைச் சொல்வதோடு நில்லாமல், அன்றிரவு அந்தக் குடும்பம் எங்கே படுக்கும் என்பதையும் தெருவார் கூடி யோசிக்க வேண்டும். தொண்டின் பாரம் அங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் சர்க்கார் ஊழியர்கள் ஓய்வு பெறும் வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்ந்தது. அறுபதில் வெளிவருபவர் பலருக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருஷங்கள் திடமான புத்தி உண்டு. ஏணியில் ஏறும் காலம் போயிருக்கலாம். எங்கே ஏற வேண்டும் என்று சொல்லும் காலம் போகவில்லை.

பொது ஊழியர்களாகிய நம் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. வோட்டுக் கேட்டு நீங்கள் நுழையாத சந்து இல்லை. எந்த வீடு ஒழுகுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். எந்த வீட்டில் ஓய்வு பெற்ற மேஸ்திரி இருக்கிறார் என்பதும் தெரியும். ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் இடப்பக்கம் இவர்கள் பெயரையும் வலப்பக்கம் அவர்கள் பெயரையும் எழுதுங்கள். கட்சி எது என்று கேட்காமல் எழுதுங்கள். ஒழுகும் கூரைக்குக் கட்சி இல்லை. ஐப்பசி மழைக்கு முன் ஒரு தெருவில் ஒரு வீட்டையாவது செப்பனிட்டுக் காட்டுங்கள். நூறு மேடைகளில் பேசியதைக் காட்டிலும், அந்த மழைக்கால இரவில் நனையாமல் உறங்கும் ஒரு கிழவி உங்களுக்காக அதிகமாகப் பேசுவாள்.