ஒரு பெட்டியும் ஓர் ஊரும்

பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியிலுள்ள அபர்ஹோசன் கிராமத்தில், 18 மாத காலமாக நாள்தோறும் காலை 7 மணிக்கு இணையச் சேவை தடைப்பட்டு வந்தது. தொலைபேசிக் கம்பிகளை மாற்றியும் பயன் கிட்டவில்லை. இறுதியில் பொறியியலாளர்கள் வானலைகளை அளவிடும் கருவியுடன் ஊரெங்கும் தேடியபோது, ஒரு வீட்டின் பழைய தொலைக்காட்சிப் பெட்டியே காரணமெனத் தெரியவந்தது. இச்செய்தி 2020 இல் வெளியானது.

இதில் மாயம் எதுவுமில்லை. மின்னோட்டம் விரைந்து மாறும் எந்தக் கம்பியும் சிறியதோர் அன்ரனாவாகி வானலைகளை உமிழும். அருகிலுள்ள பிறிதொரு கம்பி அவற்றை ஏற்கும். இதனையே மின்காந்த இடையூறு என்பர். மின்சுற்றில் மின்னோட்டம் செல்லும் பாதைக்கும் திரும்பும் பாதைக்கும் இடைவெளி அகலுமாயின் உமிழ்வு கூடும். அவ்விரண்டையும் நெருக்கமாக அமைத்தல், உலோக உறையிடுதல், வடிகட்டி பொருத்துதல் ஆகியன அதனைக் கட்டுப்படுத்தும்.

தமது பெட்டியால் ஊரே அல்லலுறுவதை அந்த வீட்டார் அறிந்திருக்கவில்லை என்பதே இங்கு கவனத்திற்குரியது. இலத்திரனியல் கருவியொன்றின் உமிழ்வு அதனைப் பாவிப்பவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதில்லை. பாதிப்பு அயலவரையே சாருகின்றது. எனவேதான் இதனை வாங்குவோரின் பொறுப்பில் விட்டுவிட இயலாது. வானொலி இடையூறுகளுக்கு வரம்பு வகுக்கும் சிஸ்பிர் எனும் சர்வதேசக் குழு 1934 இலேயே அமைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1996 முதல் மின்காந்தப் பொருத்தப்பாட்டைக் கட்டாயமாக்கியது.

ஆயினும் விற்பனைக்கு முன்னரான சோதனை மட்டும் போதுமானதன்று. முதுமையடைந்து பழுதுற்ற கருவியும், செலவைக் குறைக்க வடிகட்டியைத் தவிர்த்த மலிவான கருவியும் வரம்பை மீறக்கூடும். மலிவாகக் கிடைப்பதன் மீதி விலையை அயலவர் செலுத்த நேரிடலாம் என்பதை மறந்துவிடலாகாது.