லைன் இல்லாவிட்டாலும் இணையப் பக்கத்தைப் படிக்கலாம்

பட்டணத்தில் கைப்பேசியில் உடனே திறந்த இணையப் பக்கம், தோட்டத்திற்குத் திரும்பியதும் சுற்றிக்கொண்டே நிற்கும். செம்பனை மரங்கள் சூழ்ந்த பல குடியிருப்புகளில் இது பழகிப்போன சிக்கல். எஸ்.பி.எம். பயிற்சிக் கேள்விகள், உதவித்தொகை விதிமுறைகள், யு.பி.யு. விண்ணப்ப வழிகாட்டி போன்றவை தேவைப்படும் இரவில்தான் லைன் போய்விடுகிறது.

பலரும் பக்கத்தின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இணைப்பு என்பது முகவரி மட்டுமே. அதைத் திறக்க மீண்டும் இணையம் வேண்டும். பக்கத்தையே கைப்பேசியில் இறக்கி வைத்தால்தான் லைன் இல்லாதபோதும் படிக்க முடியும். இதற்குத் தனிச் செயலியோ கட்டணமோ தேவையில்லை.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில்

குரோமில் பக்கம் முழுதாகத் திறந்த பிறகு, மூன்று புள்ளிகளைத் தொட வேண்டும். அதில் கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் பக்கம் பதிவாகிவிடும். பிறகு அதே மூன்று புள்ளிகளில் உள்ள ‘டவுன்லோட்ஸ்’ பகுதியில் அதைத் திறக்கலாம்.

ஐபோனில்

சஃபாரியில் பகிரும் குறியைத் தொட்டு ‘பிரிண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அங்கே மீண்டும் பகிரும் குறியை அழுத்தி ‘சேவ் டு ஃபைல்ஸ்’ கொடுத்தால், பக்கம் பி.டி.எஃப். கோப்பாகச் சேமிக்கப்படும்.

கணினியில்

கண்ட்ரோல், எஸ் ஆகிய இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பக்கம் அப்படியே பதிவாகும். கண்ட்ரோல், பி அழுத்தி ‘சேவ் அஸ் பி.டி.எஃப்.’ தேர்ந்தெடுத்தால் அதை வாட்ஸ்அப்பில் பிறருக்கும் அனுப்பலாம், கடையில் அச்சிடவும் செய்யலாம்.

இணையத்தில் விண்ணப்பம் அனுப்பிய பின் வரும் உறுதிப் பக்கத்தையும் இப்படி பி.டி.எஃப். ஆக வைத்துக்கொள்வது நல்லது. விண்ணப்ப எண்ணும் தேதியும் அதில் இருந்தால், பின்னர் கேள்வி எழும்போது அதுவே சான்று. ஸ்கிரீன்ஷாட்டில் திரையில் தெரியும் பகுதி மட்டும் பதிவாகி, மற்ற விவரம் விடுபடலாம்.

கவனிக்க வேண்டியவை

சேமித்த பக்கத்தில் காணொளி பொதுவாக ஓடாது. பாரத்தை நிரப்பி அனுப்பவும் முடியாது. விண்ணப்ப இறுதி நாள் பின்னர் மாற்றப்பட்டாலும், சேமித்த பக்கத்தில் பழைய தேதியே இருக்கும். எனவே லைன் கிடைக்கும்போது மூலப் பக்கத்தை ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

நூலகத்திலோ இணைய மையத்திலோ உள்ள பொதுக் கணினியைப் பயன்படுத்துவோர், கோப்பைப் பென்டிரைவுக்கு மாற்றிய பின் கணினியில் இருக்கும் பிரதியை அழித்துவிட வேண்டும். அடையாள அட்டை எண் உள்ள கோப்பு அடுத்தவர் கண்ணில் படக்கூடாது.

பட்டணத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒரு சிறு சோதனை போதும். கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, சேமித்த பக்கத்தைத் திறந்து கடைசி வரி வரை பார்க்க வேண்டும். அப்போது திறந்தால் தோட்டத்திலும் திறக்கும். திறக்காவிட்டால், லைன் இருக்கும் இடத்திலேயே மீண்டும் இறக்கிக்கொள்ளலாம்.