கட்டிப்புடி வைத்தியம் நிஜத்தில் பலிக்குமா? சினிமா டாக்டர்கள் சொல்லும் உண்மையும் பொய்யும்

யாராவது முகம் வாடி உட்கார்ந்திருந்தால், "ஒரு கட்டிப்புடி வைத்தியம் பண்ணிடலாமா?" என்று கேலியாகக் கேட்பது தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. 2004-ல் வெளியான 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' விட்டுச்சென்ற வார்த்தை அது. சரண் இயக்கம், கிரேஸி மோகன் வசனம், கமல்ஹாசனின் ரகளை என்று வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த அந்தப் படம், போகிற போக்கில் ஒரு சீரியஸான கேள்வியையும் கேட்டுவிட்டுப் போனது. நோயாளிக்கு மருந்து மட்டும் போதுமா, கொஞ்சம் சிரிப்பும் அன்பும் வேண்டாமா?

இது 2003 டிசம்பரில் ராஜ்குமார் ஹிரானி இந்தியில் தந்த 'முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.' படத்தின் ரீமேக். அதற்கும் 5 ஆண்டுகள் முன்பு, 1998-ல், ராபின் வில்லியம்ஸ் நடித்த 'பேட்ச் ஆடம்ஸ்' ஹாலிவுட்டில் வந்துவிட்டது. மூன்று படங்களிலும் ஹீரோ ஒரு மருத்துவ மாணவர். எதிரில் நிற்பவர் விதிமுறை பேசும் டீன். படம் முடிந்து வெளியே வருபவர் மனதில் தங்குவதும் ஒன்றுதான்: சிரித்தால் நோய் பறந்துவிடும். உண்மையில் அப்படித்தானா?

சினிமா எதைச் சரியாகச் சொல்கிறது?

'பேட்ச் ஆடம்ஸ்' படத்தில் ஒரு காட்சி. மருத்துவமனை வராந்தாவில், ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண் படுத்திருக்கிறார். சுற்றி நிற்கும் மாணவர்களுக்குப் பெரிய டாக்டர் பாடம் எடுக்கிறார். சர்க்கரை நோய், ரத்த ஓட்டக் குறைவு, அழுகும் கால் என்று எல்லாம் வருகிறது. அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து பேட்ச் கேட்பது ஒரே கேள்வி: அவர் பெயர் என்ன? பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னதும் அந்தப் பெண் முகத்தில் சிரிப்பு வருகிறது.

முன்னாபாயும் முதல் வகுப்பிலேயே கேட்கிறான்: உயிருக்குப் போராடுபவன் வாசலில் கிடக்கும்போது, ஃபாரம் பூர்த்தி செய்துவிட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டுமா? நம்மூரில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. கட்டிப்புடி வைத்தியம் முதலில் கிடைப்பதும் நோயாளிக்கு அல்ல. துடைத்த தரையில் மிதித்துவிட்டார்கள் என்று கத்தும் துப்புரவுத் தொழிலாளிக்குத்தான்.

கவனித்தால், இவை எதுவுமே ஜோக் இல்லை. பெயர் கேட்பது, வாசலில் நிற்பவரைப் பார்ப்பது, தரை துடைப்பவரும் மனிதர் என்று உணர்வது. சிரிப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது.

டீன் பேசுவதில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. என் மகளுக்கு ஆபரேஷன் செய்யச் சொன்னால் கை நடுங்கும், நோயாளியிடம் பாசம் வைக்காததால்தான் நடுங்குவதில்லை என்கிறார் 'முன்னாபாய்' டீன் அஸ்தானா. வில்லன் பேச்சு மாதிரி தெரிந்தாலும், தினமும் மரணத்தைப் பார்க்கும் பல டாக்டர்கள் கொஞ்சம் விலகி நின்றுதான் வேலை செய்கிறார்கள்.

ஆனால் அதே டீன்தான் படத்தில் அதிகம் சிரிப்பவர். கோபம் தலைக்கேறும்போதெல்லாம் சிரிப்புப் பயிற்சி செய்து தன்னை அடக்கிக்கொள்வார். தமிழில் பிரகாஷ்ராஜ் சிரித்ததும் அந்தச் சிரிப்பைத்தான். தன் ரத்த அழுத்தத்துக்காகச் சிரிக்கும் அவருக்கு நோயாளி ஞாபகமே வருவதில்லை. சிரிப்பு வேறு, கருணை வேறு என்பதை இந்தக் கதாபாத்திரம் ஒன்றே சொல்லிவிடுகிறது.

டாக்டரின் ஜோக் எப்போது குத்தும்?

1991-ல் வந்த 'தி டாக்டர்' படத்தில் வில்லியம் ஹர்ட் ஒரு பெரிய அறுவை சிகிச்சை நிபுணர். ஆபரேஷன் தியேட்டரில் பாட்டும் ஜோக்குமாக இருப்பவர். மார்பில் தழும்போடு, கணவர் என்ன நினைப்பாரோ என்ற கவலையோடு ஒரு பெண் வருகிறார். அவரிடம் கவர்ச்சிப் பத்திரிகையின் நடுப்பக்கத்தைச் சொல்லி டாக்டர் ஜோக் அடிக்கிறார். ஜோக் கச்சிதம்தான். அந்தப் பெண்ணின் முகம் மட்டும் சுருங்கிப்போகிறது.

பிறகு டாக்டருக்கே தொண்டையில் புற்றுநோய். கியூவில் காத்திருந்து, ஃபாரம் பூர்த்தி செய்து, தன் சக டாக்டர்களின் அலட்சியத்தை அனுபவிக்கிறார். கடைசியில் தன் பயிற்சி மருத்துவர்களுக்கு நோயாளி உடை மாட்டி, 72 மணி நேரம் வார்டில் படுக்க வைக்கிறார். எட்வர்ட் ரோசன்பாம் என்ற மருத்துவர் தன் சொந்த அனுபவத்தை எழுதிய புத்தகத்திலிருந்து பிறந்த படம் இது.

நோயாளி சிரித்தால்?

நம் பழைய படங்களில் சிரிக்க வைத்தவர் டாக்டர் இல்லை, நோயாளி. கே.பாலசந்தரின் முதல் படமான 'நீர்க்குமிழி'யில் (1965) புற்றுநோயாளி சேதுவாக வந்து ஆஸ்பத்திரியையே கலகலப்பாக்குவார் நாகேஷ். அவரே பின்னாளில் வசூல்ராஜாவின் அப்பாவாக நடித்தார். இந்தியில் 1971-ல் வந்த 'ஆனந்த்' படத்திலும் அப்படித்தான். சாகப்போவது தெரிந்தே சிரிக்கிறான் ராஜேஷ் கன்னா. சிரிக்க முடியாமல் தவிக்கிறார் டாக்டரான அமிதாப் பச்சன்.

நோயாளியின் சிரிப்பு தைரியமாகவும் இருக்கலாம், பயத்தை மூடும் போர்வையாகவும் இருக்கலாம். எம்மா தாம்சன் நடித்த 'விட்' (2001) இதை நுணுக்கமாகக் காட்டுகிறது. சினைப்பைப் புற்றுநோய் முற்றிய ஒரு இலக்கியப் பேராசிரியை. டாக்டர்கள் வழக்கம்போல நலம் விசாரிக்கிறார்கள், பதிலைக் கேட்பதில்லை. அவரும் கிண்டலாலேயே சமாளிக்கிறார். கடைசி நாட்களில் நர்ஸிடம் ஒரு கடினமான வார்த்தை சொல்கிறார். அர்த்தம் தூக்கம் வரவைப்பது என்பதுதான். அது தெரியாத நர்ஸ், அதெல்லாம் தெரியாது, ஆனால் மருந்து நல்லா தூக்கம் வரவைக்கும் என்கிறார் வெகுளியாக. அர்த்தம் தெரிந்ததும் இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நகைச்சுவை உணர்வுக்குப் பெயர் போனவர் இல்லை அந்த நர்ஸ். ஆனால் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ் குச்சியைப் பாதியாக உடைத்துப் பகிர்ந்தவர் அவர் ஒருவர்தான்.

சரி, சிரித்தால் நோய் குணமாகுமா?

இந்த நம்பிக்கைக்குப் பெரிய விளம்பரம் தந்தவர் நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர். கடும் மூட்டு வலியில் கிடந்தபோது மார்க்ஸ் பிரதர்ஸ் காமெடிப் படங்கள் பார்த்ததாகவும், 10 நிமிடம் வாய்விட்டுச் சிரித்தால் 2 மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்ததாகவும் 1970-களில் எழுதினார். ஆனால் இது ஒரே ஒருவரின் அனுபவம். கூடவே அவர் அதிக அளவில் வைட்டமின் சி-யும் எடுத்துக்கொண்டார். இதை வைத்து சிரிப்பு நோயைத் தீர்க்கும் என்று சொல்ல முடியாது.

பயத்தைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. இத்தாலியில் ஆபரேஷனுக்குப் போகும் 40 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2005-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியானது. கோமாளிகள் கூட வந்த குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் பதற்றம் குறைவாக இருந்தது. குழந்தைகளுக்கு இது நல்லது என்று ஊழியர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் திட்டத்தைத் தொடர அவர்களில் பெரும்பாலோர் சம்மதிக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வேலைக்கு இடைஞ்சலாம்! டீன் அஸ்தானா கற்பனைப் பாத்திரம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

சொல்லப்போனால் 'முன்னாபாய்' படமே இதில் நேர்மையாக இருக்கிறது. வயிற்றுப் புற்றுநோயால் அவதிப்படும் இளைஞனுக்கு முன்னா எல்லா சந்தோஷத்தையும் தருகிறான். ஆனாலும் அவன் முன்னாவின் கையிலேயே இறந்துபோகிறான். தன்னால் காப்பாற்ற முடியவில்லை என்று முன்னா உடைந்துபோவதும் அங்கேதான். கேரம்போர்டும் கட்டிப்புடியும் ஞாபகம் இருக்கும் அளவுக்கு இந்தக் காட்சி பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை.

நிஜ பேட்ச் ஆடம்ஸ் என்ன சொன்னார்?

ஹன்டர் ஆடம்ஸ் என்பது அவர் இயற்பெயர். 1971-ல் மருத்துவப் பட்டம் பெற்று, அதே ஆண்டில் 'கெசுந்தைட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். நண்பர்களோடு ஒரே வீட்டில் வசித்தபடி, பல ஆண்டுகள் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார். சிவப்பு மூக்கு மாட்டிக்கொண்டு அவர் போராடியது மருத்துவம் வியாபாரமானதற்கு எதிராக. இலவச மருத்துவமனை கட்டுவதே அவர் கனவு. படமோ தன்னை வெறும் சிரிப்பு டாக்டராகச் சுருக்கிவிட்டது என்பதே அவருடைய வருத்தம். மூக்கு போஸ்டரில் வந்தது, பணம் பற்றிய கேள்வி பின்னால் போய்விட்டது.

அப்படியென்றால் தேவை என்ன?

நேரம். 1997-ல் வெண்டி லெவின்சன் குழுவினர் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நோயாளிகள் வழக்கே போடாத பொது மருத்துவர்களையும், வழக்குகளைச் சந்தித்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு. வழக்கு இல்லாதவர்கள் நோயாளியோடு அதிகம் சிரித்தார்கள். நோயாளியின் கருத்தையும் கேட்டார்கள். அவர்கள் ஒருவருக்குச் செலவிட்டது சராசரியாக 18.3 நிமிடம், மற்றவர்கள் 15 நிமிடம். அந்த 3 நிமிடத்துக்குள்தான் சிரிப்புக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

இந்தியாவில்? 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஆய்வின்படி, ஒரு நோயாளிக்கு இங்கே கிடைப்பது சுமார் 2 நிமிடம். ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கும் மேல். நம்மூர் டாக்டர் சிரிக்கவில்லை என்றால் அது சிடுசிடுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாசலில் காத்திருக்கும் கூட்டமும் காரணம்.

2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறநெறி, நோயாளியிடம் பேசும் முறை ஆகியவற்றுக்குத் தனிப் பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறது. முன்னா கேட்ட கேள்விகள் இப்போது சிலபஸிலேயே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வகுப்பில் படித்ததை வார்டில் காட்ட, டாக்டர்கள் எண்ணிக்கையும் கூட வேண்டும். அதுவரை 2 நிமிடத்தில் ஜோக் சொல்ல முடியாதுதான். ஆனால் சீட்டிலிருந்து தலையைத் தூக்கி, பெயரைச் சொல்லிக் கூப்பிட அது போதும்.