ஒரு கோல் விழுந்தது, ஆட்டம் நின்றது!

மைதானத்தில் 22 பேர். ஆனால் கோல் போட யாருக்கும் ஆசை இல்லை! இப்படியும் ஒரு பந்தயம் நடந்தது.

1982-ம் ஆண்டு. ஸ்பெயின் நாட்டில் உலகக் கோப்பை கால்பந்துப் போட்டி. 24 கோஷ்டிகள் வந்திருந்தன. பிரிவுக்கு 4 கோஷ்டி வீதம் 6 பிரிவுகள். ஒவ்வொரு கோஷ்டியும் தன் பிரிவில் உள்ள மற்ற மூன்றுடனும் ஆட வேண்டும். ஜெயித்தால் 2 பாயிண்டு. சமமாக முடிந்தால் 1 பாயிண்டு. முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்!

புதியவர்கள் வெற்றி

ஒரு பிரிவில் மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, சிலி, அல்ஜீரியா ஆகிய நான்கும் இருந்தன.

அல்ஜீரியா, ஆப்பிரிக்க நாடு. 1962-ல்தான் சுதந்திரம் அடைந்தது. உலகக் கோப்பைக்கு அதுவே முதல் வருகை. "சின்னப் பிள்ளைகள்" என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். ஜூன் 16-ந் தேதி பலம் மிக்க மேற்கு ஜெர்மனியை 2-1 என்று அல்ஜீரியா தோற்கடித்தது! ஆஸ்திரியாவிடம் தோற்றாலும், ஜூன் 24-ந் தேதி சிலியை 3-2 என்று வென்றது.

அல்ஜீரியாவுக்கு ஆட்டம் எல்லாம் முடிந்துவிட்டது. கையில் 4 பாயிண்டு. மறுநாள் மேற்கு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் கடைசிப் பந்தயம். அதன் முடிவில்தான் அல்ஜீரியாவின் கதி இருந்தது.

கணக்கு தெரிந்தது

மூன்று நாடுகளும் பாயிண்டில் சமமானால், போட்ட கோலையும் வாங்கிய கோலையும் கழித்துப் பார்ப்பது வழக்கம். அதன்படி மேற்கு ஜெர்மனி 1 கோல் அல்லது 2 கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால், ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சேர்ந்தே தப்பிக்கலாம். அல்ஜீரியா வெளியே! இந்தக் கணக்கு, களத்தில் இறங்கும் முன்பே இருவருக்கும் தெரியும்.

ஹிஹோன் நகரில் ஆட்டம் தொடங்கியது. 10-வது நிமிடத்தில் ஜெர்மனி வீரர் ரூபெஷ் கோல் போட்டார். சிறிது நேரத்தில் வேகம் குறைந்தது. பிற்பாதியில் பந்தைத் தங்களுக்குள் தள்ளிக்கொண்டே நேரத்தைக் கழித்தார்கள்.

ஜனங்கள் கொதித்தார்கள். விசில் அடித்தார்கள். வெள்ளைக் கைக்குட்டைகளை ஆட்டினார்கள். அல்ஜீரிய ரசிகர்கள் ரூபாய் நோட்டுகளைப் போல் பண நோட்டுகளை உயர்த்திக் காட்டினார்கள். "விலை போய்விட்டீர்கள்" என்று அதற்கு அர்த்தம்! டெலிவிஷனில் வர்ணனை செய்த ஆஸ்திரியர் ஒருவரே, "பெட்டியை அணைத்துவிடுங்கள்" என்று நேயர்களிடம் சொன்னார்.

ஆட்டம் 1-0 என்று முடிந்தது. அல்ஜீரியா முறையிட்டது. ஆனால் எந்த விதியும் மீறப்படவில்லை. முடிவு மாறவில்லை. 3 ஆட்டங்களில் 2-ல் ஜெயித்த வீரர்கள் ஊர் திரும்பினார்கள்.

விதி மாறியது

ஆனால் அவர்கள் பட்ட அடி வீண் போகவில்லை. 1986-ம் ஆண்டு உலகக் கோப்பை முதல் புதிய ஏற்பாடு வந்தது. ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் தொடங்கும். அடுத்தவர் முடிவைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டு ஆட முடியாது.

இப்போது கடைசி நாளில் இரண்டு மைதானங்களில் ஒரே சமயத்தில் பந்து உருளுகிறதே, அதற்குக் காரணம் அன்று வெளியேறிப் போன அந்தப் புதியவர்கள்தான்!